அடி உள்ளே, நுனி வெளியே

அத்தியாயம் 9

பிணம் என்றால் கிட்டுவுக்கு ஆகாது. துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளனாக இருந்துகொண்டு இப்படிச் சொல்வது, மீன் கடையில் உட்கார்ந்துகொண்டு கவிச்சி பிடிக்காது என்பதைப் போலத்தான். இருந்தாலும் அதுதான் உண்மை. நான்கு வருடங்களாக ஷம்சாத் மேடத்திடம் வேலை பார்க்கிறான். இதுவரை இரண்டு பிணங்களைப் பார்த்திருக்கிறான். இரண்டு தடவையும் பிணத்துக்கு முன்னால் அவனைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது அவன் வாய் ஓயவே இல்லை. பயம் வந்தால் கிட்டுவுக்குப் பேச்சு நிற்காது. வெயில், பெட்ரோல் விலை, ஆம்னிக்கு ஏசி இல்லாத கொடுமை என்று ஒன்றையும் விடாமல் பேசினான். பக்கத்தில் ஷம்சாத் மேடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருபது வருடம் எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்துப் பார்த்து, யார் எங்கே பொய் சொல்வார்கள் என்பதைக் கற்றுக்கொண்டு, அதற்கப்புறம் டயர் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் வைத்தவர் அவர். அவர் கண்ணை மூடினால் யாரையோ கவனிக்கிறார் என்று அர்த்தம்.

பின் சீட்டில் அருள்மேரி. முப்பத்தைந்து வயதிருக்கும். காலை எட்டு மணிக்கு ஆபீஸ் படியேறி வந்து அழுதவள். கணவன் ஜெபகுமார் லாரி டிரைவர், வீடு அஸ்தினாபுரம் என்றாள். வியாழக்கிழமை விடிகாலையில் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் சவுக்கு மிலாறு ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். சவுக்கை வெட்டிக் கழியாக்கிய பிறகு மிஞ்சுகிற மெல்லிய கிளைகள்தான் மிலாறு. முன்பெல்லாம் அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது முடிச்சூருக்கு அந்தப்பக்கம் ஒரு மின்சாரக் கம்பெனி வந்து, தோப்புக் கழிவு எதுவானாலும் கொண்டா என்று வாங்கி, பொடியாக வெட்டி, கொதிகலனில் எரித்துக் கரண்ட் எடுக்கிறது.

லாரி அந்தக் கம்பெனி வாசலில் வரிசையில் நிற்கிறதாம். ஜெபகுமாரைத்தான் காணோம். செல்போன் அணைந்து கிடக்கிறது. மற்ற டிரைவர்களைக் கேட்டால் தெரியாது என்கிறார்களாம்.

"மூணு நாளா ஒரு தகவலும் இல்ல மேடம். அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. எனக்கு உயிரே இல்ல," என்று சொல்லியிருந்தாள். போலீஸ் வேண்டாம், லைசென்ஸில் ஏதோ சிக்கல் என்றாள். தேடும்போது தானும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

எந்தத் தோப்பு என்று மேடம் கேட்டதற்கு, சுப்ரமணியன் தோப்பு என்று பதில் வந்தது. கிட்டு ஸ்டியரிங்கைத் தட்டினான். வெள்ளிக்கிழமை பேப்பரில் அந்தப் பெயரைப் படித்திருக்கிறான். தோப்பு முதலாளி சுப்ரமணியன் கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போனதாகப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு, அந்தத் தோப்புக்கே இந்த வாரம் ராசி சரியில்லை போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான். அருள்மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று கிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கம்பெனி வாசலில் நாற்பது லாரிகள் இருக்கும். எல்லாவற்றிலும் மிலாறு, தென்னை மட்டை, வேலிக்காத்தான் முள் என்று வண்டியை மூடி வழிகிற பாரம். உள்ளேயிருந்து மிலாறைப் பொடியாக வெட்டுகிற சிப்பர் மெஷினின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை ஜேசிபி ஒரு வாரு வாரி அதன் வாயில் தள்ளும்போதும் அந்தச் சத்தம் ஒரு கணம் அடங்கி, எதையோ மென்று விழுங்கிவிட்டு மறுபடி ஏறியது. ஒரு ஆளைப் போட்டாலும் இதே சத்தம்தானே வரும் என்று கிட்டு நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஜெபகுமாரின் லாரி வரிசையில் இரண்டாவதாக நின்றது. அதற்குப் பின்னால் நிற்கும் லாரியின் டிரைவர் மாரி, ஐம்பது வயது ஆள், தோளில் ஈரத் துண்டோடு வந்தார். கிட்டு பதற்றத்தில் சிகரெட்டை எடுத்து வாயில் வைத்ததுதான் தாமதம், மாரி அதைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

"இன்னா சார், நாப்பது வண்டியயும் கொளுத்திட்டுப் போலாம்னு வந்தியா? மிலாறு காஞ்சு கீது. ஒரு பொறி போதும்."

சமையல்கூட இங்கே யாரும் வண்டிப் பக்கம் செய்வதில்லையாம். சாலைக்கு எதிர்ப்புறம், புளியமரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெரிய சட்டியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

ஜெபகுமாரைப் பற்றி மேடம் விசாரித்தார். அருள்மேரியைக் காட்டி அவன் மனைவி என்று அறிமுகம் செய்தார். மாரி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான், வரிசை நகரும்போது நான்தான் இதையும் நகர்த்துகிறேன் என்றார். இங்கே அப்படித்தானாம். ஆள் இல்லையென்றால் பின்னால் நிற்பவர் பார்த்துக்கொள்வார்.

"வரிசை நகர எத்தனை நாள் ஆகும்?" என்று மேடம் கேட்டார்.

"கொதிகலன் ஒண்ணு ரிப்பேரு மேடம். இந்த மாசம் பூரா அஞ்சு நாளு, ஆறு நாளு. இன்னிக்கி தேவல, நாலாம் நாளே கிட்ட வந்துட்டோம். எங்க வூட்ல எல்லாம் ஒரு வாரத்துக்குத் தேடவே மாட்டாங்க."

மேடம் தலையாட்டிவிட்டு லாரியின் பின்பக்கம் போனார். அங்கே நின்று பாரத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். கிட்டுவும் பார்த்தான். அவன் கண்ணுக்குக் குப்பைதான் தெரிந்தது. மேடம் பக்கத்து லாரியைக் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்றார். அதில் எல்லாக் கட்டுகளும் வெட்டுப்பட்ட தடித்த அடிப்பக்கம் வெளியே தெரிய, மெல்லிய நுனி உள்ளே போக அடுக்கியிருந்தன. நுனிகள் உள்ளே ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால்தான் பாரம் சரியாது, இறக்கும்போதும் அடியைப் பிடித்து உருவலாம் என்று மாரி விளக்கினார். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

ஏனென்றால் ஜெபகுமாரின் லாரியில், ஆள் உயரத்தில், ஐந்தாறு கட்டுகள் மட்டும் தலைகீழாக இருந்தன. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடி உள்ளே.

"தொழில் தெரியாத யாரோ இந்த இடத்தைப் பிரிச்சு, மறுபடி அடைச்சிருக்காங்க," என்று மேடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "உள்ள எதையோ வச்சிருக்காங்க. ஆள் உயிரோட இருக்க வாய்ப்பில்லை."

அருள்மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று கிட்டுவுக்குத் தெரியும். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, பிளஸ் டூ படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தது யார் குற்றம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. முதலாவது லாரி உறுமிக்கொண்டு உள்ளே போனது. அடுத்தது இதுதான். உள்ளே போனால் அரை மணி நேரத்தில் கயிற்றை அவிழ்ப்பார்கள். ஜேசிபி வாரும். யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

"கிட்டு, ஏறு. கைய விட்டுப் பாரு."

தனக்கு முட்டி வலி என்றான். நேற்றுத்தான் நகம் வெட்டினேன், விரல் நுனி எரியும் என்றான். மாரி அண்ணன் தொழில் தெரிந்தவர், அவர் ஏறினால் பொருத்தமாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தான். மேடம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டு வேறு வழியில்லாமல் பின் பம்பரில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்து ஏறினான்.

சவுக்கின் வாசனை முகத்தில் அடித்தது. நுனிகளை விலக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகா என்று வலது கையை உள்ளே விட்டான். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. உள்ளே கட்டுகள் இல்லை. வெற்றிடம். ஒரு பீரோ அளவுக்குக் குழி. அவன் விரல்கள் காற்றில் துழாவின.

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

கத்த வேண்டும் என்றுதான் கிட்டு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது, வியர்த்திருந்தது, நடுங்கியது. பிணத்துக்கு வியர்க்காது என்பது அவன் மண்டையில் ஏறவே சில வினாடி ஆயிற்று. அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

"சார், அந்தம்மா என் பொண்டாட்டி இல்ல. காட்டிக் குடுத்துடாதீங்க."

கீழேயிருந்து அருள்மேரி கேட்டாள், "இருக்காரா?"

பிணம் 'இருக்கிறதா' என்று கேட்கவில்லை. 'என்ன ஆயிற்று' என்று கேட்கவில்லை. இருக்காரா. கிட்டு மெதுவாகக் கையை உருவினான். நுனிகளைப் பழையபடி இழுத்து மூடினான். பிறந்ததிலிருந்து சொன்ன பொய்களையெல்லாம் ஒத்திகையாக எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"ஒண்ணும் இல்லைங்க. வெறும் மிலாறுதான். கை முழுக்கக் கீறலு, அதான் மிச்சம்."

அவன் வாய் நன்றாகத்தான் சொன்னது. முகம்தான் கெடுத்துவிட்டது. அவள் அவன் முகத்தைப் படித்தாள். அழுத கண்ணில் ஈரம் போன இடம் தெரியவில்லை. அப்படியானால் தான் வீட்டுக்குப் போவதாக மேடத்திடம் சொன்னாள். சாலையைக் கடந்தாள். புளியமரத்தடிக்குப் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குனிந்து, கொதிக்கும் சட்டிக்கு அடியிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை உருவிக்கொண்டு லாரியை நோக்கி ஓடி வந்தாள்.

நாற்பது டிரைவர்கள் இருந்த இடத்தில் ஒருத்தருக்கும் கால் நகரவில்லை. நெருப்போடு மிலாறு லாரியை நோக்கி ஒருவர் ஓடுவதை அவர்கள் கனவில்கூடக் கண்டதில்லை. கிட்டு குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. முதுகை அந்தக் குழிக்கு அடைப்பாக வைத்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். வீரம் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லிக்கொண்டான். உள்ளே இருந்தவன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஷம்சாத் மேடம் லாரிக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை.

"சுப்ரமணியன் சம்சாரம்தானே நீங்க?"

அவள் நின்றாள். கட்டையிலிருந்து பொறி உதிர்ந்தது.

"அந்த வண்டியில யாரும் இல்லை. ஜெபகுமார் நேத்தே இறங்கி, போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இப்ப இதைக் கொளுத்தினா என் பையன் ஒருத்தன்தான் சாவான். உங்களுக்கு அதுல என்ன லாபம்?"

அத்தனையும் பொய். ஆனால் அவள் அதை நம்பலாமா என்று யோசித்த அந்த ஐந்து வினாடி போதுமானதாக இருந்தது. மாரி பின்னாலிருந்து வந்து, ஈரத் துண்டால் பிடித்துத் தூக்கி வந்த சோற்றுச் சட்டியைக் கட்டையின் மேல் அப்படியே கவிழ்த்தார். கஞ்சியும் ஆவியும் அலறலுமாக நெருப்பு அணைந்தது. நான்கு பேர் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வெந்த கையில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அதன் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

மேடம் போலீஸுக்குப் போன் செய்தார். கிட்டு இறங்கி வந்து சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே முதல் கேள்வி கேட்டான். அவள் மனைவி இல்லை என்று எப்போது தெரியும்?

"மூணு நாளுன்னு சொன்னப்பவே ஒரு உறுத்தல். மாரி பேசினதும் நிச்சயமாச்சு. இவங்க வீட்டுல ஒரு வாரம் ஆனாலும் தேட மாட்டாங்க. மூணாம் நாளே பதறுறதுன்னா, அவன் காணாமப் போறதுக்குக் காரணம் இருக்குன்னு தெரிஞ்சவங்கதான் பதறணும். அந்தத் தோப்புல வியாழக்கிழமை அன்னிக்கு ஒரு சாவு வேற. நீ வண்டியில அதைச் சொன்னதும் அவ பேச்சே நின்னுபோச்சு, சம்சாரமா இருக்கலாம்னு ஒரு கல்லு விட்டுப் பார்த்தேன், நின்னுட்டா."

"அவன் உயிரோட இருக்கறதும் தெரியுமா?"

"நீயே யோசிச்சுப் பாரு. வெளியில நின்னு ஒரு மிலாறுக் கட்டை ஓட்டைக்குள்ள தள்ளணும்னா அடியைப் பிடிச்சு, நுனியை உள்ள விடுவியா, இல்ல நுனியைப் பிடிச்சுத் தள்ளுவியா? நுனியைப் பிடிச்சுத் தள்ளினா வளையும், கட்டு உள்ள போகாது. அடி உள்ள இருக்குன்னா, உள்ள உட்கார்ந்துகிட்டு அடியைப் பிடிச்சு இழுத்து மூடியிருக்கான். கதவை உள்பக்கமா சாத்தின மாதிரி."

கிட்டுவுக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால், உள்ளே பிணம் என்று நினைத்துத் தான் பயந்தே சாகட்டும் என்று விட்டாரா என்று கேட்டான். உயிரோடு இருக்கிறான் என்று முன்பே சொல்லியிருந்தால் நீ சிரித்துக்கொண்டே ஏறியிருப்பாய், அவள் அப்போதே கண்டுபிடித்திருப்பாள் என்றார் மேடம். அவள் நெருப்பெடுப்பாள் என்று மட்டும் தான் எதிர்பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். சொல்லிக்கொண்டே அவன் சட்டையில் ஒட்டியிருந்த சவுக்கு இலையை எடுத்துப் போட்டார். அவன் கோபம் அங்கேயே நின்றுவிட்டது.

மாரி கட்டுகளை உருவினார். ஜெபகுமார் ஊர்ந்து வெளியே வந்தான். முப்பது வயது, ஒல்லி உடம்பு, முகமெல்லாம் கீறல். மாரிதான் மூன்று நாளாக இருட்டியதும் சோறும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். கேட் பக்கம் போவதற்கு முன்னால் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் அந்தப் பெண் வந்து நின்றுவிட்டாள். ஜெபகுமார் பம்பரிலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னான்.

வியாழக்கிழமை பாரத்தின் உச்சியில் நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப்பக்கம் கிணறு தெரியும். சுப்ரமணியன் மோட்டாரைப் பார்க்கக் குனிந்திருக்கிறார். அவர் மனைவி பின்னால் வந்து இரண்டு கையாலும் தள்ளியிருக்கிறாள். தள்ளிவிட்டு நிமிர்ந்தவள் இவனைப் பார்த்துவிட்டாள். இவன் இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான். வீடு அவளுக்குத் தெரியும். தன் மனைவி, நிஜமான அருள்மேரியும் குழந்தைகளும் இருக்கிற இடத்துக்கு அவளை இழுத்துவரக் கூடாது என்று வரிசையிலேயே, தன் பாரத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டான்.

கிட்டு அவன் தோளில் கை வைத்தான். பயப்படாதவன் யார் இருக்கிறான், இனிமேல் ஒன்றும் இல்லை, நீ செய்ததைத்தான் யாரும் செய்திருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னான். ஜெபகுமார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆமாம் என்று ஆட்டவில்லை.

"அவரு உடனே சாவல சார்."

கிட்டு அவன் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"தண்ணில கையத் தூக்கினு கீறாரு. மேல நின்னு நான் பாக்கறத பாத்துட்டாரு. ஜெபா, ஜெபான்னு என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. நான் கோவளத்துல பொறந்தவன் சார். கடல்லயே நீஞ்சுவேன். அந்தக் கெணறு எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்தம்மா பாத்துனு நிக்குது... நான் வண்டிய ஸ்டார்ட் பண்ட்டேன். இன்ஜின் சத்தத்துல அப்பறம் ஒண்ணும் கேக்கல."

கேட்டில் விசில் ஊதினார்கள். அடுத்த வண்டியை வரச்சொல்லிக் கையசைத்தார்கள். யாரும் அசையவில்லை.

மேடம் அவன் பக்கத்தில் பம்பரிலேயே உட்கார்ந்தார். போலீஸ் வந்ததும் அவள் தள்ளியதைச் சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் என்றான். மற்றதையும் சொல்வாயா என்று கேட்க அவர் வாயெடுத்ததை கிட்டு பார்த்தான். அவர் கேட்கவில்லை. ஜெபகுமாரே சொன்னான்.

"அதயும் சொல்லிடறேன் மேடம். மூணு நாளா உள்ள அந்தக் கொரல்தான் கேட்டுகினு இருந்திச்சு. அந்தம்மா நெருப்போட வந்தப்ப, அவர மாதிரியே நானும், உங்க பையன் பேரு தெரிஞ்சிருந்தா, கத்திக் கூப்ட்டிருப்பேன்."

கிட்டு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். சட்டையின் முதுகுப்பக்கம், ஜெபகுமார் பிடித்திருந்த இடம், இன்னும் கசங்கியே இருந்தது.

"கிட்டு," என்றான் கடைசியில். "என் பேரு கிட்டு."